அலட்டல் இல்லாத மரண அறிவித்தல்

என் கணவரின் பெட்டி கூடத்தில் இருந்தது. அவருடைய தம்பி வெளியே ஒழுங்கையில் இருந்தார்.

பந்தல்காரர் இறக்கிவிட்டுப் போன பிளாஸ்ரிக் கதிரைகளில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு போய், எங்கள் வாசல் படலைக்கு நேர் எதிரே, அடுத்த வளவுப் பூவரசின் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துவாய், மடியில் ஒரு குடை. செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். தாண்டும்போது ஒவ்வொருவரும் நின்றார்கள்.

"என்ன நடராசா, வெளியாலை இருக்கிறாய்? உள்ளை வாவன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆமென்ற ஆட்டலா இல்லையென்ற ஆட்டலா என்று கேட்டவருக்கே பிடிபடவில்லை. வாய் மட்டும் திறக்கவில்லை.

அதுதான் எல்லோரையும் கலவரப்படுத்தியது. என் கணவர் இறந்ததைக்கூடச் சனம் ஒருவாறு ஏற்றுக்கொண்டது. மனுசன் சில மாதமாகவே படுக்கை. ஆனால் நடராசா கதைக்காமல் இருப்பதை ஏற்றுக்கொள்ள ஒருவராலும் முடியவில்லை. வடமராட்சிக் கரையில் அவருக்குப் பட்டப்பெயரே அலட்டல் நடராசா. கடலுக்குப் போகிறவர்களில் நடராசா என்ற பெயருடையவர்கள் பலர் இருந்தாலும், அலட்டல் என்றால் இவர் ஒருவர்தான்.

உள்ளே ஐயர் கிரியைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"கொள்ளி வைக்கிறவர் ஆர்? குளிச்சிட்டு வரச்சொல்லுங்கோ. நேரம் போகுது."

கொள்ளி வைக்கிறவர் பூவரசின் கீழே இருந்தார். எங்களுக்கு ஒரே ஒரு மகள், அவளும் ரொறன்ரோவில். மகன் இல்லாத வீட்டில் தம்பிதான் வைக்கவேண்டும் என்று முதல்நாளே பேசி முடிந்த கதை. இப்போது அவர் உள்ளே வருகிறாரில்லை. ஏன் என்றும் சொல்கிறாரில்லை.

ஒரு வாசகரின் முறைப்பாடு

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிக்கும் ஒருவர், மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்ற என்னைப் பிடித்து, "அக்கா, நல்லாத்தான் எழுதுறியள். ஆனால் கொஞ்சம் அலட்டல் கூடிப்போச்சு" என்றார். நான் ஒரு சொத்தைக் கத்தரிக்காயை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அவர் சொன்னதில் பிழை இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தச் சொல் போகவில்லை. அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அந்தச் சந்தை வாசகர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அலட்டல் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் விளக்கம் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு ஆட்கள் சுற்றிவர இருக்கிறார்கள். பத்துச் சொல்லில் முடிகிற விசயத்தை நூறு சொல்லில் சொல்வது அலட்டல். அந்த நூறையும் சொல்லிவிட்டு, "அப்ப நான் என்ன சொல்ல வந்தனான்?" என்று கேட்பது முற்றிய அலட்டல். காய்ச்சல்காரர் அரைமயக்கத்தில் பிதற்றுவதையும் அப்படித்தான் சொல்வோம். பொய் சொல்வது அலட்டல் ஆகாது. கோள் மூட்டுவதும் ஆகாது. அவற்றுக்கு வேறு சொற்கள், அதைவிடக் காரமாக, இருக்கின்றன. அலட்டுகிறவரிடம் கெட்ட எண்ணம் கிடையாது. நேரம் கிடையாது என்ற எண்ணமும் கிடையாது.

ஒருமுறை சென்னையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது, வீட்டுக்காரரைப் பற்றி அவர் மனைவியிடமே, "உங்கடை அவர் நல்ல அலட்டல் என்ன?" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் கறுத்துப்போனது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பந்தா காட்டுவது என்று பொருளாம். அந்த மனுசன் பாவம், பந்தாவே இல்லாதவர். நல்லூர்த் தேர் எப்படி இழுப்பார்கள் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லமுதல் திருவாரூர்த் தேரை மதியம்வரை இழுத்தவர். அவ்வளவுதான்.

மூன்று நிமிடக்காரியும் நேரக்காப்பாளரும்

நானும் என் கணவரும் அலட்டலுக்குப் பகையான இரண்டு தொழில்களில் இருந்தவர்கள்.

நான் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் வேலை பார்த்தேன். வெளியூருக்கு ஒரு அழைப்பு எடுக்க, பதிந்துவிட்டு மணிக்கணக்காய்க் காத்திருந்த காலம் அது. இணைப்பைக் கொடுத்துவிட்டுக் காதில் கருவியோடு இருப்பேன். நேரம் முடிகிறபோது நடுவில் புகுந்து, "மூண்டு நிமிசம் முடியுது" என்று சொல்வதுதான் என் வேலை.

அந்த வேலையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். சனம் அந்த மூன்று நிமிடத்தையும் அங்கே மழையா, மாடு கன்று போட்டதா, கடிதம் கிடைத்ததா என்று அலட்டியே கரைக்கும். நான் புகுந்து முடியுது என்று சொன்னதும் குரல் மாறும். "பிள்ளை, பிள்ளை, வெட்டிப்போடாதை, ஒரு சொல்லு" என்று என்னிடம் கெஞ்சிவிட்டு, அந்தப் பக்கத்துக்கு அவசரமாக ஒன்று சொல்லுவார்கள். "அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு, உடனை வா." அதுதான் விசயம். அதைச் சொல்லத்தான் அவ்வளவு நேரமும் காத்துக்கிடந்தவர்கள். பிறகு ஏன் அதை முதலிலேயே சொல்லவில்லை என்பது எனக்கு வேலையை விட்ட நாள்வரை விளங்கவில்லை.

என் கணவர் சிவபாதம், நெல்லியடிப் பக்கம் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர். "கொடிகாமம், ஆறு பத்து." அவ்வளவுதான் அவர் வசனம். வீட்டிலும் அதே கணக்கு. கலியாணம் பேசி என்னைப் பார்க்க வந்த அன்று, என் ஐயா ஒரு பெரிய வரலாறே சொல்லி முடித்தபிறகு, "எனக்குச் சம்மதம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது பிடித்துப்போனது. நாள் முழுக்க ஊர் அலட்டலைக் காதில் வாங்குகிற எனக்கு இப்படி ஒருவர்தான் வேண்டும் என்று நினைத்தேன். சில வருடம் போனபிறகு, கொஞ்சம் கூடுதலாகக் கதைத்தால் குறைந்தா போவார் என்றும் நினைத்ததுண்டு.

கலியாணத்தோடு அவர் பிறந்த வடமராட்சிக் கரையை விட்டு இணுவிலுக்கு வந்துவிட்டார். சீதன வீடு என்னுடையது. எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

தம்பி நடராசா அந்தக் கரையிலேயே கடல் தொழிலோடு நின்றுவிட்டார். ஆனால் கைபேசி வந்த காலம் தொட்டு ஒவ்வொரு நாளும் பின்னேரம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, தொலைபேசி எடுப்பார். இவர் கைபேசியைச் சத்தமாக வைத்துச் சாய்மனைக் கதிரையின் கைப்பிடியில் படுக்கப்போட்டுவிட்டுப் பேப்பர் படிப்பார். அந்தப் பக்கத்தில் இருந்து கதை வரும். எந்த வலையில் என்ன பட்டது, எந்த மீனை யார் என்ன விலை கேட்டான், அவன் மாமனார் ஒருகாலத்தில் என்ன செய்தவர், அந்த மாமனாரின் நாய்க்கு என்ன நடந்தது. நடுநடுவே இவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டு சொல்வார்.

"அலட்டாதையடா."

"ஓமண்ணை. அப்ப அந்த நாய் என்ன செய்தது எண்டால்..."

இப்படித்தான் குடும்ப வாழ்க்கையின் பிற்காலப் பின்னேரங்கள் எனக்குப் போயின. எனக்கு அந்தக் குரல் எரிச்சல். அடுப்படியில் நின்று பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன். மனுசன் பாவம், தம்பி என்பதற்காகச் சகித்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவாக நம்பியிருந்தேன்.

"காணும்"

படுக்கையில் இருந்த கடைசி வாரங்களில் ஒருநாள் காலை அவர் பேப்பரின் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை. எங்கள் மரண அறிவித்தல் என்பது ஒரு குடும்பத்தின் முழு வம்சமும் நின்று எடுத்த படம் மாதிரி. எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகன், யாருடைய மருமகன், யாருடைய கணவர், எந்தெந்த நாட்டில் இருக்கும் யார் யாருடைய பாசமிகு தந்தை, மாமனார், சகோதரர், மைத்துனர், சகலன், பேரன். ஒருவரை விட்டால் ஒரு தலைமுறைக் கோபம் வரும்.

அன்றைய அறிவித்தலில் மைத்துனர்கள் மாத்திரம் அரைப் பக்கத்துக்கு இருந்தார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இஞ்சாரும். எனக்கு உந்த அலட்டல் ஒண்டும் வேண்டாம். ஆள் செத்திட்டான், இன்ன நேரம் எடுக்கினம் எண்டு போடும். அவ்வளவு காணும்."

"விசர்க்கதை கதையாமல் கஞ்சியைக் குடியுங்கோ" என்றேன்.

"சொன்னது விளங்கினதோ?"

"விளங்கினது."

எனக்கு விளங்கியது என்றுதான் நினைத்தேன். ஆகவே அவர் கண்ணை மூடிய அன்று பின்னேரம், அழுகைக்கு நடுவிலும், மகள் வதனியைக்கூடக் கேட்காமல், பேப்பருக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். இணுவிலைச் சேர்ந்த சிவபாதம் காலமானார். இறுதிக்கிரியைகள் நாளை முற்பகல் அன்னாரது இல்லத்தில் நடைபெறும். தகவல், குடும்பத்தினர். இணையத்திலும் அதுதான் போனது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரூராய்ச் சொல்லிப் போகிறவர் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு மறுபக்கத்தைத் திருப்பினார்.

"மிச்சம் எங்கையம்மா?"

"அவ்வளவுதான்."

"இதை நான் என்னெண்டு வாசிக்கிறது? தொடங்கமுன்னம் முடிஞ்சிடுமே" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆனால் போன அறிவித்தல் பாதுகாப்பாய்ப் போய்ச்சேர்ந்தது. பிழையான வீட்டுக்கு.

இன்னொரு சிவபாதம்

சீதன வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை ஊர் அவருடைய பெயரால் அறியாது. நாற்பது வருடமாக அவர் இணுவிலில் என்னுடைய புருசன், இன்னாருடைய மருமகன், வதனியின் அப்பா. இணுவில் சிவபாதம் என்றால் ஊருக்குத் தெரிந்தது வடக்கு வீதியில் இருக்கும் சிவபாதம் மாஸ்ரரைத்தான். பிறந்ததும் இங்கே, படிப்பித்ததும் இங்கே. ஊரில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள்.

விடிய எழும்பி வேப்பங்குச்சியும் கையுமாக முற்றத்தில் நின்ற மாஸ்ரரைப் பார்த்து, அவர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு அழுதபடி வந்த ஒரு மனுசி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாராம். அதற்குப் பின்னால் பழைய மாணவர்கள் ஒரு வான் பிடித்து வந்து இறங்கினார்களாம், மலர்வளையத்தோடு. மாஸ்ரர் துப்பிவிட்டு, "ஆருக்கு உது?" என்று கேட்டாராம்.

அந்தப் பக்கம் கடற்கரையில் வேறு குழப்பம். இணுவில் சிவபாதமா, அது யார் என்று இவருடைய சொந்தச் சனமே கேட்டுவிட்டு வலை வேலைக்குப் போய்விட்டது. சொந்தக்காரர் பலருக்கு நடராசாதான் இரவிரவாய் வீடு வீடாய்ச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

விடிந்தும் விடியாததுமாய் வதனி காணொளி அழைப்பில் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. விமானம் கிடைக்காத கவலை ஒரு பக்கம்.

"அம்மா, அறிவித்தலைப் பாத்தனான். அப்பாவுக்கு ஒருத்தருமே இல்லையோ?"

"அப்பா அலட்டல் வேண்டாம் எண்டவர், பிள்ளை."

"நான் அலட்டலோ, அம்மா?"

அவள் என் வயிற்றில் பிறந்தவள். அவருக்கு உயிர். அவளுடைய பெயரை நான் ஏன் எழுதவில்லை? அவர் வேண்டாம் என்றார். அவளையும் வேண்டாம் என்றாரா? அப்படி இருக்காது. அப்படியென்றால் எங்கே வெட்டச் சொன்னார்? மைத்துனர்மாரோடா, மகளோடா, என்னோடா? என் பெயரும்தான் அதில் இல்லை.

பரிவர்த்தனை நிலையத்தில் எண் சொல்லாமல் ஒருவரும் இணைப்புக் கேட்கமுடியாது. அந்தப் பெயர் வரிசை எல்லாம் எண் மாதிரித்தான் போலிருக்கிறது. அது இல்லாவிட்டால் செத்தவர் யார் என்று போய்ச்சேராது. வேலை பார்த்த அத்தனை வருடத்தில் தெரிந்த இந்தச் சின்ன விசயம் அந்தப் பின்னேரம் ஏன் எனக்கு நினைவு வரவில்லை என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் மாஸ்ரரே அந்த மலர்வளையத்தை எடுப்பித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியைக் கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பிள்ளை, குறை நினையாதை. ரெண்டு வரி கூடப் போட்டிருந்தால் நான் இண்டைக்குக் காலமை செத்திருக்கமாட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டில், தலைமாட்டில் இருந்துகொண்டு, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் விம்முகிறேன் என்று முதுகைத் தடவினார்கள். பிறகு அது விம்மலாகத்தான் போனது. வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கும் பாடம் சொல்லாத என் கணவரின் கால்மாட்டில் எங்கள் அன்பு ஆசானுக்கு என்று எழுதிய மலர்வளையம் சாய்ந்துகிடந்தது.

பூவரசின் கீழே

அப்போதுதான் ஐயர் இரண்டாவது முறையும் கேட்டார். நடராசாவைக் கூப்பிடப் போனவர்கள் எல்லோரும் கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மட்டும் அவர் வாயைத் திறக்கவைத்து ஒரு தகவலோடு வந்தார்.

"அறிவித்தலிலை தன்ரை பேர் இல்லையாம். சனத்தோடை சனமா வந்தனான், அப்பிடியே இருந்திட்டுப் போறன் எண்டு சொல்லுறார்."

செத்தவர் பக்கத்தில் இருந்து பெண்சாதி எழும்பிப் படலைக்கு வெளியே போவது எங்கள் ஊரில் அழகான காரியம் இல்லை. நான் எழும்பினேன். யாரோ சேலையைப் பிடித்தார்கள். உதறிக்கொண்டு போனேன்.

ஒழுங்கையில் வெயில் ஏறியிருந்தது. நடராசா என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தார். கண் இரண்டும் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்திருந்தன.

"மச்சான், அறிவித்தல் நான் எழுதினது. உங்கடை அண்ணைதான் அப்பிடிப் போடச் சொன்னவர்."

அவர் குடையின் பிடியைத் திருகினார்.

"அலட்டல் வேண்டாம் எண்டவர்."

அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டதை வாயாலாவது சொல்லித் தொலைப்போம் என்று, ஒழுங்கையில் நின்றபடி, ஒலிபெருக்கிக்காரர் சொல்கிற இராகத்திலேயே தொடங்கினேன்.

"சிவபாதம் அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற வல்லிபுரம் - செல்லம்மா தம்பதிகளின் மூத்த மகனும், வதனியின் பாசமிகு தந்தையும், நடராசாவின் அன்புச் சகோதரனும்..."

"சின்னம்மா."

"என்ன?"

"அம்மாவின்ரை பேர் சின்னம்மா. செல்லம்மா எங்கடை பெரியம்மா." குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நாற்பது வருசமா மருமகளா இருந்து மாமியின்ரை பேர் தெரியேல்லை உங்களுக்கு."

"கலியாணத்துக்கு முதலே மாமி கண்ணை மூடிட்டா. எல்லாரும் அம்மா எண்டுதானே கதைப்பியள்."

"அதுதான் மச்சாள், அந்தப் பெரியம்மாதான் அண்ணையைப் படிக்கவிடச் சொன்னது. உங்களுக்குத் தெரியுமோ? அண்ணையை ஐயா முதல்முதல் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு, கரை மறையமுன்னமே ஓங்காளிச்சுச் சத்தி. அப்பிடி ஒரு சத்தி. ஐயா வலையை வளைக்கிறதோ இவரைப் பிடிக்கிறதோ? திரும்பி வந்து கரையிலை ஏத்திப்போட்டு, இவனுக்குக் கடல் ஒத்துவராது எண்டார். அப்ப பெரியம்மா சொன்னா, ஒத்துவராட்டில் விடு, பள்ளிக்கூடத்துக்கு விடு எண்டு. நான் அப்ப நண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஐயா என்னைப் பாத்தார். சரி, நீ வாடா எண்டார். அப்பிடி ஏறினனான்தான்..."

தொடங்கிவிட்டார். என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. கதை கரையில் இருந்து படகுக்கும், படகில் இருந்து படகு செய்த ஆசாரிக்கும், ஆசாரியின் கடைசி மகளின் கலியாணத்துக்கும் போனது. ஒழுங்கையில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். இந்தக் கதைகளை நான் சமையலறையில் இருந்து எத்தனையோ முறை கேட்டிருப்பேன். கேட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நடராசா கடலுக்குப் போனது என் கணவர் போகாததால் என்பது அன்றுதான் என் காதில் விழுந்தது.

படலையில் ஒரு தலை தெரிந்தது. "ஐயர் ஏசுறார்!"

நடராசா நிற்கவில்லை. அவருக்கு நிறுத்தத் தெரியாது. இத்தனை வருடமும் அதை வேறு ஒருவர் அல்லவா செய்துகொண்டிருந்தார்? அந்த ஒருவர் உள்ளே பெட்டியில் கிடந்தார். கதை ஆசாரியின் மருமகனைத் தொட்டபோது, அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு ஊறிப்போன அதே சொல் என் வாயில் வந்துவிட்டது.

"காணும். அலட்டாமல் உள்ளை வாங்கோ, மச்சான்."

அவர் சட்டென்று கதையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார் என்றுதான் பயந்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி, அவசரமாக ஒன்று சொன்னார்.

"அண்ணைக்கு என்னாலை நெருப்பு வைக்க ஏலாது, மச்சாள்."

நான் அந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறேன் என்று உடனே தெரிந்தது. நேரம் முடிகிறபோது வரும் குரல் அது. அதைச் சொல்லத்தான் விடிந்ததில் இருந்து அங்கே குந்தியிருந்திருக்கிறார். அப்போது அந்த அறிவித்தல் கோபம்? அது உண்மைதானா, சும்மா சொன்ன சாட்டா? இரண்டுமா? எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னேரங்களில் அண்ணன் அலட்டாதை என்று சொன்னதற்குப் பிறகு இவர் என்னென்ன சொல்லியிருப்பார், என் பாத்திரச் சத்தத்தில் அவற்றில் எவையெல்லாம் எனக்குக் கேட்காமல் போயிருக்கும் என்பதும் தெரியாது.

பரிவர்த்தனை நிலையத்தில் என் வேலை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். இணைப்பை எடுத்துவிடுவேன். பதில் சொல்லுகிற வேலை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அன்று பதில் சொல்ல என்னைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை.

"எனக்கும் ஏலாதுதான், மச்சான். ஆனால் அவருக்கு எங்களை விட்டால் வேறை ஆர் இருக்கினம்?"

அவர் எழும்பி, கதிரையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் படலைக்குள் போனார். கிணற்றடியில் துலாவுக்குப் பதிலாய் இப்போது இருக்கிற தண்ணீர்க் குழாயின் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

படலைவரை

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாய்க்கரிசி போட்டு, அழுது, படலையோடு நின்றுவிடவேண்டும். கைபேசித் திரையில் வதனியும் என்னோடு நின்றாள். பெட்டியைத் தூக்கினார்கள். நடராசா ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். பூவரசைத் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.

தாண்டியதும் அவர் குரல் கேட்டது. தனக்குப் பின்னால் வருகிற பெட்டியிடம்தான் கதைத்துக்கொண்டு போனார்.

"...அப்ப அண்ணை, இவன் ஓட்டோக்காரன் நேற்று என்ன செய்தவன் எண்டால், மூண்டு வரியையும் வாசிச்சுப்போட்டு, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் திரும்பவும் முதலிலையிருந்து..."

"உவன் தொடங்கிட்டான்" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு மனுசி. ஒருவரும் நடராசாவை மறிக்கவில்லை.

"அம்மா, சித்தப்பா என்ன சொல்லுறார்? எனக்குக் கேக்கேல்லை" என்றாள் வதனி.

நான் கைபேசியை ஒழுங்கைப் பக்கமாகத் திருப்பி உயர்த்திப் பிடித்தேன். கதை ஒழுங்கை வளைவில் திரும்பி, சத்தம் மெலிந்து, ஒரு சொல்லும் விளங்காமல் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இடையில் ஒருமுறை அது நின்றது. வழக்கமாக என் கணவர் குறுக்கிடுகிற இடத்தில்தான் நின்றது.

நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அலட்டாதை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கொஞ்சம் பொறுத்துக் குரல் தானாகவே திரும்பத் தொடங்கியது.